முப்பத்தாறு சீட்டு

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலை ஷிப்டு யாருக்கு என்பதைச் சீட்டுக்கட்டுதான் முடிவு செய்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். அதற்கு முன்னால் அதை முடிவு செய்தது மேஸ்திரியின் வாய். அந்த வாயை நம்பாத இரண்டு பேர் ஒரு நாள் ஈரப் போர்வையால் ஒருவரை ஒருவர் விளாசிக்கொண்டார்கள். மேலாளர் கீழே இறங்கி வந்து, "உங்களுக்குள்ளயே ஒரு முறை வச்சுத் தீர்த்துக்குங்க, என் ரூமுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த சோப்புக்காரர் ஒருவர் எல்லாருக்கும் போக்கர் சொல்லிக்கொடுத்தார். அவர் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். ஆட்டம் மட்டும் தங்கிவிட்டது.

காலை ஷிப்டில் பத்து இடம். ஒன்பது பேர் நிரந்தரம். பத்தாவது இடத்துக்கு ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இயந்திரங்களை நிறுத்தும் ஒரு மணி நேரத்தில், ஆசைப்பட்டவர்கள் உட்கார்ந்து ஆட வேண்டும். காசு கிடையாது. நோயாளிகளின் சட்டைகளிலிருந்து கழன்று விழும் பொத்தான்களை ஒரு கண்ணாடி ஜாடியில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு இருபது பொத்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் ஆளுக்கு ஒன்று நடுவில் போட வேண்டும். பிறகு ஐந்து சீட்டு. கையைப் பார்த்து நம்பிக்கை வந்தவர் மேலும் பொத்தான் வைக்கலாம். கூட வருகிறவர் அதே அளவு வைக்க வேண்டும். வர மனமில்லாதவர் கையைக் கவிழ்த்துவிட்டு, போட்டதை மறந்துவிட வேண்டும். அடுத்து, வேண்டாத சீட்டு மூன்று வரை மாற்றிக்கொள்ளலாம். மறுபடி பொத்தான் வைப்பு. கடைசியில் கையைத் திறந்து காட்ட, யார் கை பெரிதோ அவர் நடுவில் இருப்பதை அள்ளிக்கொள்வார். எல்லாப் பொத்தானும் எவரிடம் போய்ச் சேருகிறதோ அவருக்கு அந்த ஆண்டின் காலை ஷிப்டு.

எது பெரிய கை என்பது சுவரில் இருந்தது. சோப்பு டிரம்களுக்கு மேலே, மேஸ்திரி தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதி, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய சார்ட். அடியில் எதுவுமே சேராத கை. அதில் பெரிய சீட்டு எதுவோ அதற்குத்தான் மரியாதை. அதற்கு மேல் ஒரு ஜோடி. அதற்கு மேல் இரண்டு ஜோடி. அப்புறம் ஒரே எண் மூன்று. அதைத் தாண்டினால் ஸ்ட்ரெய்ட், அதாவது ஆறு ஏழு எட்டு என்று ஐந்தும் வரிசையாக வருவது. அதற்கு மேல் ஃப்ளஷ். ஐந்தும் ஒரே இனம், எல்லாம் ஆட்டின் அல்லது எல்லாம் இஸ்பேட் என்று. அதற்கு மேல் ஃபுல் ஹவுஸ். ஒரே எண் மூன்றும், வேறொரு எண்ணில் ஜோடியும். அப்புறம் ஒரே எண் நான்கு. அதன் மேல், வரிசையும் வந்து இனமும் ஒன்றாக இருப்பது. உச்சியில் பத்திலிருந்து ஏஸ் வரை ஒரே இனத்தில் வரும் ராயல் ஃப்ளஷ். அதை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒருவரை யாரும் நம்பியதில்லை.

இந்தச் சார்ட்டைத்தான் ஒரு முழு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்தாள் ரோலர் அக்கா.

பதினோரு வருஷமாக மாலை ஷிப்டில் ரோலர் இயந்திரத்தின் முன்னால் நிற்பவள் என்பதால் அந்தப் பெயர். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் நீராவியில் சுடும் உருளைகளுக்கு நடுவே போய் அந்தப் பக்கம் மொறுமொறுவென்று வரும். நீராவி பாய்லர் அறையிலிருந்து வர வேண்டும். அங்கே அழுத்தம் குறைந்தால் விரிப்பு ஈரமாகவே வரும், திட்டு இவளுக்கு விழும். விரிப்பைத் தொட்டே, அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பாய்லர் அண்ணன் போய் முள்ளைப் பார்த்தால் சரியாக அதே எண்ணில் நிற்கும். அந்தப் பாய்லரைத் தானே ஓட்ட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்கு ஒரு வருஷம் வகுப்புக்குப் போக வேண்டும், வகுப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு. மாலை ஷிப்டு இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை. ஆக, காலை ஷிப்டு கிடைத்தால் பாய்லர். கிடைக்காவிட்டால் சாகும் வரை ரோலர்.

முதல் முறை அவள் ஆட வந்து உட்கார்ந்தபோது மேஸ்திரி, "பொம்பளைங்க சீட்டாடுறதா? நல்லாவா இருக்கும்?" என்றார். "நல்லா இருக்கான்னு நீங்க பக்கத்துல நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கையில் எடுத்தாள். அந்த வருஷம் தோற்றாள். அடுத்த வருஷமும் தோற்றாள். அதிலெல்லாம் அவளுக்கு வருத்தமில்லை. கை வரவில்லை, தோற்றாள். மூன்றாவது வருஷத் தோல்விதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்று அவள் கையில் ஐந்தும் டைமண்ட். ஃப்ளஷ். எதிரே மேஸ்திரியின் மனைவியின் தம்பி. மேஸ்திரி அவனை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடம் முழுவதுக்கும் அவன் பெயரே மச்சான் ஆகிவிட்டது. பெண்கள் மட்டும் கூச்சப்பட்டு 'மச்சான் அண்ணே' என்பார்கள். அவன் மூன்று ஏழையும் இரண்டு ராணியையும் போட்டான். ஃபுல் ஹவுஸ். மேஸ்திரி சார்ட்டைக் கழியால் தட்டிக் காட்டினார். பொத்தான் முழுவதும் மச்சான் பக்கம் போயிற்று.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவளுக்கு அது உறைத்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சார்ட் முழுக் கட்டுக்கு எழுதியது. இவர்கள் ஆடுவது முழுக் கட்டே இல்லை.

அதற்குக் காரணம் ட்ராலிகள். தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் நோயாளிகளுக்குப் படுக்கை கிடையாது. இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை, மாடிக்கு நான்கு வார்டு, வார்டுக்கு ஒரு ட்ராலி. எந்தத் துணி எங்கே போக வேண்டும் என்று ட்ராலியில் காகிதம் கட்டினால் ஈரத்தில் கரைந்துவிடும். சீட்டு கரையாது. எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, கட்டிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய எண்களில் நாலு இனத்தையும் எடுத்து, மூலையில் ஓட்டை போட்டு, பதினாறு ட்ராலியிலும் கட்டிவிட்டான். எண் மாடியைச் சொல்லும், இனம் வார்டைச் சொல்லும். மேலேயிருந்து நர்ஸ் போன் செய்து, "டைமண்ட் மூணு இன்னும் வரலையே" என்று அலுத்துக்கொள்வாள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, நர்ஸுக்குச் சூதாட்டப் பழக்கம் என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தார்.

மிஞ்சிய முப்பத்தாறு சீட்டில்தான் போக்கர் நடந்தது. இத்தனை வருஷமாக. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"என்னங்க, எழுந்திருங்க" என்று வீட்டுக்காரரை உலுக்கினாள். அவர் பஸ் டிரைவர்; விடியற்காலை முதல் வண்டி அவருடையது. ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஒரு கட்டுல ஆட்டின் எத்தனை?"

"பதிமூணு. இதுக்கா எழுப்பினே?"

"எங்க கட்டுல ஒன்பதுதான். நாலு பேரு ட்ராலியில தொங்குறாங்க. ஆனா ராஜா? நாலு ராஜாவும் அப்படியே இருக்காங்க. ராணி, ஏழு, எட்டு, எல்லாம் நாலு நாலா முழுசா இருக்கு. அப்ப மூணும் ரெண்டும் சேர்றது சுலபமாயிடுச்சு. ஒரே இனத்துல அஞ்சு சேர்றது கஷ்டமாயிடுச்சு. ஃப்ளஷ்தான் பெருசு. நான் ஜெயிச்சிருக்கேன்!"

"எனக்குப் புரியுது" என்றார் அவர், திறந்த கண்ணையும் மூடிக்கொண்டு. "உங்க மேஸ்திரிக்குப் புரியணுமே."

அது நியாயமான பேச்சு. மேஸ்திரி தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். வாயால் சொன்னால் நடக்காது. கையில் வைத்துக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் அவள் ஒரு கட்டு வாங்கினாள், சின்ன எண் பதினாறையும் எடுத்து அலமாரி மேல் வைத்தாள். வீட்டுக்காரர் முதல் நடை முடித்து ஒன்பது மணிக்குச் சாப்பிட வருவார். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கலைத்து, ஏழு ஏழு கையாக ஐந்து முறை போடுவாள். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கை. எந்தக் கை வந்தாலும் நோட்டில் ஒரு கோடு. அவர் சாப்பிடும் கை ஓயாமல், "அந்த ஓரத்துல மூணு ஒன்பது இருக்கு பாரு" என்று எட்டிப் பார்த்துச் சொல்லுவார். பண்டிகை, காய்ச்சல், சண்டை என்று விட்ட நாட்கள் போக நூற்றெழுபது நாள். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கை. ஃபுல் ஹவுஸ் வந்தது இருபத்தெட்டு முறை. ஃப்ளஷ் வந்தது ஏழே முறை.

"எப்பவாவது வர்ற பஸ்ஸுக்குத்தான் ஜனம் விழுந்தடிச்சு ஓடும்" என்றார் வீட்டுக்காரர், நோட்டைப் பார்த்துவிட்டு. "அடிக்கடி வர்றதுக்கு யாரு ஓடுறா? ஏழுதான் பெருசு. போய்க் கேளு."

கேட்டாள்.

ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை இயந்திரங்கள் நின்றதும், மடிப்பு மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தார்கள். ரோலர் அக்கா, மச்சான், சோப்புக் கலக்கும் ஒருவர், ட்ராலி தள்ளும் ஒருவர். சுற்றிலும் கூடமே நின்றது. மேஸ்திரி கட்டைக் கலைக்கக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "சீட்டுப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். போட்டப்புறம் சொன்னா தோத்தவ அழுறான்னுவீங்க." நோட்டைத் திறந்து மேசையில் வைத்து, கணக்கைச் சொன்னாள். ஒன்பதுக்கும் பதிமூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள். மற்ற எல்லாம் சார்ட்டில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ஃப்ளஷும் ஃபுல் ஹவுஸும் மட்டும் இடம் மாற வேண்டும் என்றாள்.

மேஸ்திரி நோட்டைத் தொடக்கூட இல்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். மச்சான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

ரோலர் அக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது. "கூடம் கோணல்தான் மேஸ்திரி. நான் அளந்து பார்த்துட்டேன். நூத்தெழுபது நாள் அளந்தேன். நீங்க ஒரு நாள் அளந்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா அளக்கணும்? உலகம் பூரா இதான் ரூல்."

"உலகம் பூரா ஐம்பத்திரண்டு சீட்டுல ஆடுறாங்க. நீங்க பதினாறை ட்ராலியில கட்டித் தொங்கவிட்டுட்டு ஆடுறீங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. சார்ட்டை மாத்துங்க. இல்ல, சீட்டைக் கொண்டு வாங்க."

"சார்ட்டு நான் எழுதினது. அதுல ஒரு புள்ளிகூட மாறாது."

"அப்ப சீட்டு?"

மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வேணும்னா நீயே போய் அவுத்துட்டு வாயேன். பதினாறு ட்ராலியும் எது எங்க போறதுன்னு தெரியாம நிக்கட்டும். ஆபரேஷன் தியேட்டருக்குக் குழந்தைங்க சட்டை போகட்டும். மேலாளர் கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன். போறியா?"

போக மாட்டாள் என்றுதான் நினைத்தார். கூடமும் அப்படித்தான் நினைத்தது. அவள் எழுந்தாள்.

பதினாறு ட்ராலியும் மேலே போகத் தயாராக, லிப்டுக்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நின்றன. கறைபட்ட துணியில் குறி போடும் சாக்குக்கட்டி அவள் மேல்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு ட்ராலியின் இரும்புச் சட்டத்திலும் மாடி எண்ணையும் வார்டின் பெயரையும் பெரிதாக எழுதினாள். எழுதிய பிறகே கயிற்றை அவிழ்த்தாள். நீராவியில் முறுகிப்போன முடிச்சுகள். நகம் ஒன்று உடைந்தது. மடிப்பு வேலை செய்யும் பெண் ஒருத்தி, வாயாடி என்று பெயர் வாங்கியவள், ஒன்றும் பேசாமல் வந்து மறுமுனையிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள். வாயாடி பேசாமல் வேலை செய்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் பதினாறு சீட்டும் மேசையில் வந்து விழுந்தன. "இப்ப உங்க சார்ட்டு சரி" என்றாள். "ஒரு புள்ளி மாத்த வேண்டாம். போடுங்க."

மேஸ்திரி வேறு வழியில்லாமல் ஒரு சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்துலயும் ஓட்டை இருக்கு. யாரு கையில சின்னச் சீட்டு இருக்குன்னு பின்னாடியிலிருந்தே தெரியுமே? இது ஒரு ஆட்டமா?"

"எல்லாருக்கும்தானே தெரியும்?" என்றார் பாய்லர் அண்ணன், கதவோரம் நின்றபடி. "போடுப்பா. ஒரு மணிக்கு நான் நீராவி திறக்கணும்." அவர் யார் பக்கமும் இல்லை, அவருக்கு நேரம்தான் முக்கியம். இருந்தாலும் அந்தப் பேச்சோடு மறுப்பு முடிந்தது.

ஆட்டம் வேகமாக ஓடியது. சோப்புக் கலக்குபவர் ஒற்றை ஜோடியை நம்பி மூன்று முறை கூட வந்து மூன்று முறையும் இழந்தார். ட்ராலிக்காரர் கையில் நான்கு ஓட்டைச் சீட்டு இருப்பது ஊருக்கே தெரியும்படி வைத்துக்கொண்டு, பெரிய கை இருப்பது போல முகத்தை வைத்தார். வாயாடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு பேர்தான் மிச்சம். ரோலர் அக்காவிடம் நாற்பது பொத்தான், மச்சானிடம் நாற்பது பொத்தான்.

அடுத்த கை வந்தது. அவளுக்கு இரண்டு பத்து, இரண்டு எட்டு, ஒரு ஜாக்கி. இரண்டு ஜோடி. ஜாக்கியை மட்டும் கொடுத்து ஒரு சீட்டு மாற்றினாள். மச்சானும் ஒரே சீட்டுதான் மாற்றினான். அவன் கையின் பின்புறத்தில் இரண்டு ஓட்டை. மாற்றுவதற்கு முன்னாலும் அதே இரண்டு ஓட்டை இருந்தது. அவற்றை அவன் விடவில்லை. புதிதாக வந்ததில் ஓட்டை இல்லை.

அவள் தனக்கு வந்த சீட்டை ஓரத்தில் மட்டும் தூக்கிப் பார்த்தாள். எட்டு.

ஃபுல் ஹவுஸ்.

சந்தோஷப்பட முடியவில்லை. போன வருஷம் அவளை அடித்துப்போட்ட அதே கை, இப்போது அவளிடமே. மச்சான் மிச்சமிருந்த முப்பத்தொன்பதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். "எல்லாம்" என்றான். "வர்றீங்களா அக்கா?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். சின்னச் சீட்டு இரண்டை விடாமல் பிடித்திருக்கிறான், ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறான். ஒரே இனத்தில் நான்கு வைத்திருந்து ஐந்தாவதைத் தேடினானா? வரிசையைத் தேடினானா? அப்படியானால் கவலையில்லை. ஆனால் ஒரு ஜோடி நாலும் ஒரு ஜோடி ராஜாவுமாக இருந்து, வந்தது மூன்றாவது ராஜாவாக இருந்தால்? அவனுடையதும் ஃபுல் ஹவுஸ். மூன்று ராஜா மூன்று எட்டை விழுங்கிவிடும். கையைக் கவிழ்த்தால் ஒரு பொத்தானோடு தப்பிக்கலாம். நாற்பதில் ஒன்று போனால் முப்பத்தொன்பது, ஆட்டம் தொடரும். பயமாகத்தான் இருந்தது. பதினோரு வருஷம் வேர்த்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மறுபடி வேர்த்தது.

பிறகு கோபம் வந்தது. தப்பிப்பதற்கா நகம் உடைத்துக்கொண்டு முடிச்சு அவிழ்த்தாள்?

"வர்றேன்" என்று தன் முப்பத்தொன்பதையும் தள்ளினாள்.

மச்சான் பொறுக்க மாட்டாதவனாகத் தன் கையைப் படாரென்று மேசையில் அறைந்தான். ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராணி, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஐந்து, ஆட்டின் இரண்டு. ஃப்ளஷ்.

"அடிச்சான் பாரு என் மச்சான்!" என்று மேஸ்திரி எழுந்தே விட்டார்.

ரோலர் அக்கா ஒவ்வொரு சீட்டாக வைத்தாள். எட்டு. எட்டு. எட்டு. பத்து. பத்து.

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. கூடம் முழுக்கத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது. சார்ட் அங்கேயேதான் இருந்தது, ஒரு புள்ளியும் மாறாமல். ஃப்ளஷ் கீழே, ஃபுல் ஹவுஸ் மேலே.

மச்சான்தான் முதலில் விழித்துக்கொண்டான். "அதெப்படி? நீங்கதானே அக்கா சொன்னீங்க, ஃப்ளஷ்தான் பெருசுன்னு? எல்லாரும் கேட்டாங்களே!"

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. இதுவரை விரலால் தொடாத நோட்டை இழுத்து, பக்கத்தைப் புரட்டினார். "இந்தா, எழுதியே வச்சிருக்கியே. ஃபுல் ஹவுஸ் இருபத்தெட்டு, ஃப்ளஷ் ஏழு. நூத்தெழுபது நாள் அளந்தேன்னியே. நீ சொன்னது நியாயம்மா, நான் ஒத்துக்கறேன். ஃப்ளஷ்தான் பெருசு. மச்சான், பொத்தானை எடு."

வாயாடிக்கு வாய் திரும்பி வந்தது. "அய்யய்ய! ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு புள்ளி மாறாதுன்னு சொன்னது யாரு வாயி?"

சிரிப்பு எழுந்தது. ரோலர் அக்கா சிரிக்கவில்லை. பொத்தான்மேல் போன மச்சானின் கை மீது தன் கையை வைத்து அழுத்தினாள்.

"நோட்டுல இருக்கிறது சத்தியம்" என்றாள். "முப்பத்தாறு சீட்டுக்கு. அந்தக் கணக்குப்படி ஆடலாம்னு நான் சொன்னப்போ நீங்க சிரிச்சீங்க. இது ஐம்பத்திரண்டு. இதுக்கு உங்க சார்ட்டுதான் சரி. எனக்குச் சாதகமா இருந்தாலும் சரி, பாதகமா இருந்தாலும் சரி, இதுக்கு இதுதான். உங்களுக்கு நோட்டுக் கணக்குதான் வேணும்னா எனக்கும் சம்மதம். முப்பத்தாறு சீட்டுக் கணக்குல ரெண்டும் அஞ்சும் கிடையாது. மச்சான் அண்ணே, உங்க கையில இருக்கிற அந்த ரெண்டு ஓட்டைச் சீட்டையும் எடுத்து ஓரமா வைங்க. மிச்சத்துல ஃப்ளஷ் இருந்தா, பொத்தானை அள்ளிக்கிட்டுப் போங்க."

மச்சான் தன் கையைப் பார்த்தான். ஆட்டின் இரண்டு, இரண்டாம் மாடிக்குப் போவது. ஆட்டின் ஐந்து, ஐந்தாம் மாடிக்குப் போவது. அவள் எழுந்து போய் அவிழ்த்திருக்காவிட்டால் அவன் கைக்கு வந்தே இருக்காத சீட்டுகள். அவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது மூன்று. அவன் கெட்டவன் இல்லை. அக்காள் புருஷனின் நிழலில் வெயில் படாமல் வளர்ந்தவன், அவ்வளவுதான். கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டான். "விடுங்க மாமா" என்றான் மெதுவாக. "தோத்தது தோத்ததுதான்."

"நீ சும்மா இரு" என்றார் மேஸ்திரி. ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது. பாய்லர் அண்ணன் கதவோரத்திலிருந்து, "ஒரு மணி ஆயிடுச்சு, நீராவி திறக்கட்டுமா? இல்ல அடுத்த வருஷ ஆட்டத்தையும் இப்பவே ஆடுறீங்களா?" என்று கேட்டார்.

டியூட்டி அட்டவணை, வேலைக்கு வரும் நேரத்தைக் குறிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. காலை ஷிப்டு, பத்தாவது கட்டம், காலி. அதை நிரப்புவது மேஸ்திரியின் வேலை. அவர் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார், கண்ணாடியைத் தேடுவது போலப் பையைத் தடவினார். கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

ரோலர் அக்கா பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள், அவர் விடும் வரை நின்று. பத்தாவது கட்டத்தில், நெருக்கி எழுதாமல், கட்டம் நிறைய, ரோலர் அக்கா என்று இல்லாமல் அப்பா அம்மா வைத்த பெயரை எழுதினாள். பதினோரு வருஷமாகக் கூடவே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அன்றுதான் அந்தப் பெயரைப் படித்தார்கள்.

மேஸ்திரிக்குக் கடைசியாக ஒரு சீட்டு பாக்கி இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தார். "எழுதிட்டா ஆச்சா? பாய்லர் வகுப்புல பொம்பளைங்களைச் சேர்க்கிற வழக்கமே இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தி சேர்ந்ததில்ல. வாசல்லயே ரூல் புத்தகத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்ப என்ன பண்ணுவே?"

அவள் பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினாள்.

"வாங்கிப் படிச்சுப் பார்ப்பேன்" என்றாள். "எந்தக் கட்டுக்கு எழுதினதுன்னு கேப்பேன்."